சிலுவையில் எந்த மொழி?

1880-களின் நடுவில், இங்கிலாந்தில் வாண்டேஜ் என்ற சிற்றூரின் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் ஒரு சின்ன வழக்கு எழுந்தது. மடத்துச் சகோதரிகள் அணியும் சிலுவையில் லத்தீன் எழுத்துகள் பொறித்திருக்கும். இந்தியாவில் சேரும் சகோதரிகளும் அதையேதான் அணிய வேண்டுமா என்று கேட்டார் அங்கே தங்கியிருந்த இந்தியப் பெண் ஒருவர். எங்கள் பெண்களுக்கு லத்தீன் தெரியாது, படித்துப் புரிந்துகொள்ள முடியாத எழுத்தை அவர்கள் ஏன் நெஞ்சில் சுமக்க வேண்டும், எங்கள் பழைய சமஸ்கிருதத்தில் இல்லாத புனிதம் லத்தீனில் என்ன இருக்கிறது என்பது அவருடைய வாதம். கேட்டவர் ஞானஸ்நானம் பெற்று அதிக நாள் ஆகியிருக்கவில்லை. மடத்தின் செலவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். நன்றி கெட்ட பேச்சு என்றுதான் அங்கே பலர் காதில் அது விழுந்திருக்கும்.

அவர் பண்டிதை ரமாபாய். விதவைகளுக்காக சாரதா சதன் நடத்தியவர், கேட்காவில் முக்தி மிஷனை நிறுவியவர், மதம் மாறியதற்காகப் புனேயில் ஏச்சு வாங்கியவர் என்று தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இந்து மதத்தை அவர் கேள்வி கேட்டது எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்தவரான பிறகு கிறிஸ்தவத்தையும் அதே கையால் புரட்டிப் பார்த்தார் என்பதைச் சொல்வோர் குறைவு. சபைக்காரர்கள் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். சீர்திருத்த வரலாறு எழுதுவோருக்கோ திரித்துவச் சண்டை எதற்கு என்ற அலுப்பு. இரண்டு தரப்பும் விட்டுவிட்ட அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் ரமாபாய் எப்படிப்பட்ட மூளை என்பது தெரிகிறது.

ரமாபாய் பிறந்தது 1858-இல், மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத விற்பன்னர். மனைவிக்குச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்ததற்காகத் தம் சமூகத்தாரின் பகையைத் தேடிக்கொண்டவர். பெண்ணுக்குப் படிப்பு கூடாது என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறது, காட்டுங்கள் என்று நூலைக் கொண்டே வாதாடியவர். அந்த அம்மாவிடம்தான் ரமாபாய் படித்தார். பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் பாகவதம் அவருக்கு மனப்பாடம். குடும்பம் கோயில் கோயிலாக, தீர்த்தம் தீர்த்தமாக நடந்து, புராணம் வாசித்துக் கிடைக்கும் காணிக்கையில் வாழ்ந்தது. மதராஸ் மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது கையிருப்பு தீர்ந்து, கூலி வேலைக்குப் போகக் கௌரவம் இடம் கொடுக்காமல், சில மாதங்களுக்குள் அப்பா, அம்மா, அக்கா மூவரும் செத்தார்கள். மிஞ்சியவர்கள் ரமாபாயும் அண்ணன் ஸ்ரீநிவாசனும். இருவரும் நடந்தே இந்தியாவைச் சுற்றினார்கள்.

1878-இல் கல்கத்தா. இருபது வயதுப் பெண் சமஸ்கிருதத்தில் பேசுவதைக் கேட்ட பண்டிதர்கள் 'பண்டிதை', 'சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தார்கள். அங்கேதான் தர்ம சாஸ்திரங்களைப் புதிதாகப் படிக்கத் தொடங்கினார். ஒன்றுக்கொன்று எதிலும் ஒத்துப்போகாத இந்த நூல்கள் இரண்டு விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் பேசுகின்றன என்று பின்னாளில் எழுதினார்: பெண்கள் இயல்பிலேயே கெட்டவர்கள் என்பது ஒன்று. ஆணுக்குக் கிடைப்பதுபோல் அவர்களுக்கு மோட்சம் கிடைக்காது என்பது மற்றொன்று. சூத்திரருக்கும் அதே கதிதான் என்பதையும் சேர்த்தே கவனித்தார்.

இங்கே அவருடைய வழிமுறையைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். சாஸ்திரத்தை வெளியில் நின்று ஏசவில்லை அவர். ஒரு நூலை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்தார். எது மூலம், எது உரை, எதன் சொல்லுக்கு எவ்வளவு எடை என்று பார்த்தார். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் இது. வேதமாகிய சுருதியும் பின்னால் மனிதர் இயற்றிய ஸ்மிருதியும் முரண்பட்டால் சுருதியே நிற்கும் என்பது சாஸ்திர வாதத்தின் பாலபாடம். இந்தப் பாடத்தோடுதான் அவர் திருச்சபைக்குள் காலடி வைத்தார். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இதில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

1880-இல் அண்ணனும் இறந்தார். அதே ஆண்டு விபின் பிஹாரி தாஸ் மேதாவி என்ற வங்காள வக்கீலை, சாதி விட்டுச் சாதி, பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அஸ்ஸாம் பக்கம் சில்சாரில் குடித்தனம். 1881-இல் மகள் மனோரமா. 1882 பிப்ரவரியில் காலரா கணவரைக் கொண்டுபோனது. சில்சார் வீட்டுப் புத்தகங்களுக்கு நடுவே வங்காள மொழியில் லூக்கா சுவிசேஷப் பிரதி ஒன்று கிடைத்தது. அதைப் படித்தார். புனேக்குத் திரும்பி ஆரிய மகிளா சமாஜம் தொடங்கினார். அங்கே வாண்டேஜ் மடத்துச் சகோதரிகளின் பழக்கம் ஏற்பட்டது. காசியில் வளர்ந்த சித்பாவன பிராமணராகிய நெகேமியா கோரே 1848-இலேயே கிறிஸ்தவராகி, ஆறு தரிசனங்களையும் மறுத்து நூல் எழுதியவர். அவருடைய அறிமுகமும் கிடைத்தது. பிராமணக் கல்வியின் மொழியிலேயே கிறிஸ்தவத்தை விளக்கிய அவருடைய எழுத்துதான் தம்மை அசைத்தது என்று ரமாபாயே சொல்லியிருக்கிறார்.

1883-இல் மகளோடும் ஆனந்திபாய் பகத் என்ற தோழியோடும் வாண்டேஜ் சேர்ந்தார். மருத்துவம் படிப்பதுதான் திட்டம். காது மந்தம் அதைக் கெடுத்தது. மதம் மாறும் எண்ணம் இல்லை என்று கிளம்பும்போது சொன்னவர், செப்டம்பர் 29 அன்று மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். 'மேரி ராமா' என்று பெயர். மடத்தைச் சேர்ந்த சிஸ்டர் ஜெரால்டின் ஞானத்தாய். லண்டன் ஃபுல்ஹாமில் சகோதரிகள் நடத்திய, வழி தவறிய பெண்களுக்கான இல்லத்தைப் பார்த்ததும், சமாரியப் பெண்ணோடு இயேசு கிணற்றடியில் பேசிய கதையைக் கேட்டதும் தம்மைத் திருப்பியதாக எழுதியிருக்கிறார். இந்தக் கதைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. தோழி ஆனந்திபாய், தங்களைக் கட்டாயமாக மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பீதியில் மனம் பேதலித்து, ரமாபாயின் கழுத்தை நெரிக்கப் பார்த்து, பிறகு தானே விஷம் குடித்துச் செத்தார். அதன்பின் ரமாபாயைத் தம் வீட்டில் தங்கவைத்த சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லர் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஞானஸ்நானம் என்னும் முடிவு எப்படிப்பட்ட மனநிலையில் எடுக்கப்பட்டது என்று எடை போடுவோர் இந்தச் சாவை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

அடுத்த ஆண்டு செல்ட்டனம் பெண்கள் கல்லூரி. படித்துக்கொண்டே சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார். அங்கே முதல்வர் டாரதியா பீல், 1858 முதல் 1906 வரை அந்தக் கல்லூரியை நடத்திய கல்வியாளர். இங்கிருந்துதான் கடிதப் போர் மும்முரமாகிறது. ஒரு பக்கம் ரமாபாய், மறுபக்கம் ஜெரால்டின், நடுவில் பீல், தூரத்திலிருந்து பேராயர்கள்.

சண்டையின் மையம் திரித்துவம்: பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கோட்பாடு. பிதா ஒருவரே கடவுள் என்று ரமாபாய் ஏற்றார். இயேசுவை இரட்சகராக ஏற்றார். ஆனால் குமாரனும் பிதாவும் எல்லா வகையிலும் சமம் என்பதற்கு வேதாகமத்தில் நேரடி ஆதாரம் எங்கே என்று கேட்டார். கன்னிப் பிறப்பைப் பற்றியும் ஐயம் கிளப்பினார். எல்லாவற்றையும்விட அவரை உறுத்தியது அத்தனாசியு விசுவாசப்பிரமாணம். 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகப்படி ஆண்டில் 13 திருநாட்களில் அதைச் சபையார் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். திரித்துவத்தை வரிக்கு வரி நறுக்குத் தெறித்தாற்போல் வரையறுத்துவிட்டு, இதை அப்படியே கைக்கொள்ளாதவன் நித்திய அழிவுக்குப் போவான் என்று அது எச்சரிக்கும். ஞானஸ்நான ஆராதனையில் கேட்கப்படுவதோ அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணம் மட்டும். அதில் இந்த வரையறைகளும் இல்லை, இந்த மிரட்டலும் இல்லை. திரித்துவம் என்ற சொல்லே வேதாகமத்தில் கிடையாது. சாஸ்திரி வீட்டுப் பெண் ஒருவருக்கு இது எப்படித் தோன்றியிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை: வேதாகமம் சுருதி, அத்தனாசியு பிரமாணம் ஸ்மிருதி.

(இந்த இடத்தில் என் கதை ஒன்று. நெல்லைச் சீமையில் திடப்படுத்தல் வகுப்பு, எனக்குப் பதின்மூன்று வயது. ஞானஸ்நானம் வாங்காமல் செத்துப்போன எங்கள் ஆச்சிக்கு என்ன கதி என்று உபதேசியாரிடம் கேட்டேன். "ஏலே, புஸ்தகத்துல உள்ள கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லு" என்றார். வினாவிடைப் புத்தகத்தில் வினாவையும் சபையே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. அவர் நல்ல மனிதர். மழை நாளில் என்னைத் தம் சைக்கிளில் வீட்டில் கொண்டுவந்து விட்டவர்.)

1885 மே 12 அன்று ஜெரால்டினுக்கு ரமாபாய் எழுதிய கடிதம்தான் இந்தப் போரின் உச்சம். கடவுள் தந்த மனசாட்சியும் புத்தியும் தீர்ப்புச் சொல்லும் திறனும் தமக்கு உண்டு, அவற்றைக் கொண்டு தாமே யோசித்தாக வேண்டும் என்கிறார். இந்தியப் புரோகிதர்களின் நுகத்தடியிலிருந்து அரும்பாடுபட்டு இப்போதுதான் விடுபட்டேன், குருமார் சொல்வதையெல்லாம் உன்னதமானவரின் கட்டளை என்று ஏற்று அதேபோன்ற இன்னொரு நுகத்தடிக்குக் கழுத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை என்று எழுதுகிறார். அடங்காமைக்கும் சுதந்திரத்துக்கும் வேறுபாடு தமக்குத் தெரியும் என்பதும் தொனி. இந்தக் கடிதத்தைக் கோபத்தில் எழுதியது என்று தள்ள முடியாது. வாதம் படிப்படியாகப் போகிறது. ஆங்கிலம் கற்று அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதையும் மறக்கக் கூடாது.

ஜெரால்டின் இதைத் தற்பெருமை என்று படித்தார். படித்த பிராமணப் பெண்ணின் வித்யா கர்வம், கல்கத்தாவில் ஏகதெய்வம் பேசிய பிரம்ம சமாஜத்தாரோடு பழகிய வாசனை, போதாக்குறைக்குச் செல்ட்டனத்தின் புத்தகக் கல்வி. கல்கத்தா நாட்களின் சாயல் ரமாபாயின் ஏகதெய்வக் கொள்கையில் இருக்கத்தான் செய்கிறது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேள்வி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது அதற்குப் பதில் ஆகிவிடாது. பீல் இதைப் புரிந்துகொண்டார். அவரும் சில ஆண்டுகளுக்கு முன் விசுவாச நெருக்கடி ஒன்றைத் தாண்டி வந்தவர். இந்தப் பெண்ணுக்குக் கிறிஸ்தவத்தை வரலாற்றில் நடந்த வெளிப்பாடாக மட்டும் கொடுத்தால் இறங்காது, தத்துவமாகப் படிக்க விட வேண்டும் என்று மடத்தாருக்கு எடுத்துச் சொன்னார்.

ஜெரால்டினையும் சிறுமைப்படுத்தக் கூடாது. வாண்டேஜ் மடம் 1848-இல் ஆக்ஸ்ஃபோர்டு இயக்கத்தின் அலையில் பிறந்தது. குருத்துவத்தின் அதிகாரம், திருவருட்சாதனங்கள், கீழ்ப்படிதல் என்னும் மூன்றும்தான் அந்த இயக்கத்தின் உயிர்நாடி. கீழ்ப்படிதல் அங்கே நேர்ந்துகொண்ட விரதம். ஆங்கிலிக்கன் சபையின் எத்தனையோ பிரிவுகளுக்குள் கேள்விக்கு மிகக் குறைவாக இடம் வைத்திருந்த ஒன்றின் வாசலில் போய் நின்றார் ரமாபாய் என்பது தற்செயல்தான். புனேயில் வேறொரு மிஷன் முந்தியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

அதே இங்கிலாந்தில், அதே சபைக்குள், அதே பிரமாணத்தைக் குறித்து ஆங்கிலேயர்களே பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அடித்துக்கொண்டார்கள். 1870-களின் தொடக்கத்தில் அத்தனாசியு பிரமாணத்தை ஆராதனையிலிருந்து எடுக்கலாமா, மிரட்டல் வரிகளை மட்டும் நீக்கலாமா என்று பெரிய விவாதம். அதில் கை வைத்தால் பதவியை விடுவோம் என்று ஆக்ஸ்ஃபோர்டின் பியூசியும் லிட்டனும் நின்றதால் அப்படியே விடப்பட்டது. நேட்டால் பேராயர் கொலன்சோ, நோவாவின் பேழைக் கதை உண்மையில் நடந்ததுதானா என்று தம் சூலு உதவியாளர் கேட்ட கேள்வியில் தொடங்கி, மோசேயின் ஐந்து ஆகமங்களில் வரும் எண்களையெல்லாம் கணக்குப் போட்டு 1862 முதல் வெளியிட்டு, மதத்துரோகி என்று தீர்ப்பு வாங்கினார். ஆகவே ரமாபாயின் ஐயங்கள் புதியவை அல்ல. டீன்களும் பேராசிரியர்களும் கேட்டபோது அவை இறையியல் விவாதமாக இருந்தன. இந்தியப் பெண் கேட்டபோது குணக்கேடாகிவிட்டன.

குணம் பற்றிய அந்தப் பேச்சு சாப்பாட்டு மேசை வரை போனது. ரமாபாய் மரக்கறிக்காரர், முட்டை கலந்த புட்டிங்கையும் தொட மாட்டார். கிறிஸ்தவரான பிறகும் சாதிப் பழக்கம் விடவில்லை பார் என்று ஜெரால்டின் கண்டார். தாம் இந்துவாகவே அழைக்கப்பட விரும்புவதாகவும், முன்னோர் பழக்கங்களில் முடிந்தவற்றைக் காப்பதாகவும் ரமாபாய் பதில் எழுதினார். என் வாசிப்பில், இந்த ஒரு இடத்தில் ஜெரால்டின் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மரக்கறி உணவு இந்தியாவில் வெறும் நாக்கு விஷயம் இல்லை என்பது நமக்குத் தெரியும், ரமாபாய்க்கும் தெரியும். ஆனால் ரோஸ்ட் பீஃபும் புட்டிங்கும் ஆங்கிலேய வழக்கம், சுவிசேஷத்தின் பகுதி இல்லை என்பது அவருடைய எதிராளிகளுக்கு உறைக்கவே இல்லை.

பேராயர்கள் தலையிட்டது இன்னொரு விஷயத்தில். செல்ட்டனத்தில் ரமாபாய் ஆண்களுக்கும் பாடம் சொல்லலாம் என்று பேச்சு வந்தது. லாகூரிலும் பம்பாயிலும் இருந்த பேராயர்கள் மறுத்தார்கள். இந்தியாவுக்குத் திரும்பும்போது அவருக்கு மரியாதை இருக்காது என்று காரணம் சொன்னார்கள். ரமாபாய்க்கு வந்த கோபம் நியாயமானது. கல்கத்தாவில் பண்டிதர் சபைகளில் ஆண்களுக்கு நடுவே பேசிப் பட்டம் வாங்கியவர் அவர். இந்து மதத்தில் இருந்தபோது இல்லாத தடை, பெண்ணுக்கு விடுதலை தருவதாகச் சொன்ன மதத்துக்குள் வந்ததும் முளைத்தது. மகள் மனோரமாவை வளர்ப்பதிலும் தகராறு. குழந்தைக்குத் திரித்துவத்தை மடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். தாமே ஏற்காத ஒன்றைக் குழந்தை மேல் ஏற்ற வேண்டாம் என்றார் தாய்.

புனேயில் என்ன நடந்தது? ஞானஸ்நானச் செய்தி பத்திரிகைகளுக்குக் கிடைத்து வசவு பறந்தது. ஜோதிராவ் புலே மட்டும் 1885-இல் தம் 'சத்சார்' வெளியீட்டில் அவருக்காகப் பரிந்து எழுதினார். பிராமண நூல்களைப் படித்ததனால்தான் அவர் வெளியேறினார் என்ற கோணத்தில். படித்ததனால் வெளியேறினார் என்பதைப் புலே கண்டுகொண்டார். அதே படிப்பு உள்ளே போன இடத்திலும் சும்மா இருக்காது என்பது வாண்டேஜுக்கு எட்டவில்லை.

1886 பிப்ரவரியில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். தூரத்து உறவினரான ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெறும் விழாவுக்காக. அங்கேயே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கி, 1887-இல் உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். பாஸ்டனில் உருவான ரமாபாய் சங்கத்துக்குத் தலைவர் எட்வர்ட் எவரெட் ஹேல், திரித்துவத்தை ஏற்காத யூனிட்டேரியன் போதகர். துணைத் தலைவர்களில் ஒருவர் ஃபிலிப்ஸ் புரூக்ஸ், ஆங்கிலிக்கன் மரபின் அமெரிக்கக் கிளையான எபிஸ்கோப்பல் சபைக்காரர். வாண்டேஜில் ஒரே மேசையில் உட்கார முடியாத இரண்டு இறையியல்களை ஒரு விதவைப் பள்ளிக்காக உட்காரவைத்துவிட்டார். ஆனால் அமெரிக்காவும் அவரைத் திணறடிக்கத்தான் செய்தது. எத்தனை சபைகள், ஒவ்வொன்றும் தானே உண்மை என்று சொன்னால் புதிதாக வந்தவள் எதை நம்புவது? ஊரில் விட்டுவந்த சைவ, வைணவ, மத்வ மதப் பிரிவுகளின் கூச்சல் இங்கேயும் கேட்கிறதே என்ற மலைப்பைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். தாம் எந்தப் பிரிவையும் சேர்ந்தவர் இல்லை, கிறிஸ்துவின் பொதுச் சபையைச் சேர்ந்தவர் என்பதே அவர் வந்தடைந்த நிலை.

இங்கேயே நிறுத்திவிட்டால் அழகான கலகக்காரியின் கதை கிடைக்கும். பலர் இங்கேதான் நிறுத்துகிறார்கள். 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் சாரதா சதன் திறந்து, மதப் போதனை கிடையாது என்று உறுதி தந்து நடத்தினார். 1891-இல் அவருக்குள் வேறொன்று நேர்ந்தது. கார்ன்வால் பகுதிக் குருவானவர் வில்லியம் ஹாஸ்லம் எழுதிய தன்வரலாற்றைப் படித்தார். குருவாக இருந்துகொண்டே மனமாற்றம் அடையாமல் இருந்தவர், தம் பிரசங்கத்தை நடத்திக்கொண்டிருக்கும்போதே மாறினார் என்பது அதன் கதை. எனக்குக் கிறிஸ்தவ மதம் கிடைத்தது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்ற உணர்வு ரமாபாய்க்கு வந்தது. அதற்குப் பிறகு அவர் எழுத்தில் பழைய ஐயங்கள் தலைகாட்டுவதில்லை. இயேசுவின் தெய்வத்துவத்தைப் பற்றி வாதாடிய பெண், இப்போது அவரிடம் நேராகப் பேசுகிறார். சதனில் சில விதவைகள் அவருடைய ஜெபத்தில் வந்து உட்கார, 1893-இல் சீர்திருத்தவாதிகளான ரானடே, பண்டார்கர் போன்றோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். திலகரின் 'கேசரி' வெளுத்து வாங்கியது.

அப்படியானால் ஜெரால்டின்தான் ஜெயித்தாரா? நான் அப்படி நினைக்கவில்லை. கோட்பாட்டில் ரமாபாய் திரும்பி வந்தார் என்பது உண்மை. ஆனால் வாண்டேஜ் காட்டிய வாசல் வழியாக வரவில்லை. எந்தப் பேராயரும் பிரமாணமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அனுபவம் ஒன்று தள்ளியது, தாமே நடந்து போனார். 1885-இல் அவர் மறுத்தது திரித்துவத்தை என்று மட்டும் படித்தால் 1891 ஒரு தோல்வி. பிறர் கையால் கட்டப்படுவதை மறுத்தார் என்று படித்தால் முரண்பாடு ஏதும் இல்லை. இரண்டாவது வாசிப்புக்கு ஆதாரம் அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் இருக்கிறது.

1896-இல் மத்திய இந்தியாவில் பஞ்சம் வந்தபோது நூற்றுக்கணக்கான பெண் குழந்தைகளைப் புனேக்கு அருகில் கேட்காவுக்குக் கொண்டுவந்தார். முக்தி மிஷன் வளர்ந்தது. அது எந்தச் சபைப் பிரிவுக்கும் உட்பட்டதில்லை. 1905-இல் அங்கே எழுப்புதல் பரவியபோது பெண்கள் சத்தமிட்டு அழுது ஜெபித்தார்கள், ஆடினார்கள், அந்நியபாஷையில் பேசினார்கள். (நெல்லையில் சுவிசேஷகர் அருளப்பனைச் சுற்றி 1860-இல் இதேபோன்ற எழுப்புதல் பற்றியெரிந்து அடங்கியிருந்தது.) வெளிநாட்டு மிஷனரிகள் பலர் முகம் சுளித்தார்கள். அடக்கமாக, ஒழுங்காக ஆராதிக்க வேண்டும் என்றார்கள். இந்தியக் கிறிஸ்தவர்களிடம் பரிசுத்த ஆவியானவர் தம் விருப்பப்படி செயல்பட ஏன் விடக் கூடாது, மேல்நாட்டார் அளவுகோலால் ஏன் அளக்க வேண்டும் என்று எதிர்க்கேள்வி போட்டார் ரமாபாய். சிலுவையில் லத்தீன் எதற்கு என்று கேட்டவரின் குரல் இருபது ஆண்டு கழித்தும் அப்படியே இருக்கிறது. அந்நியபாஷை பேசும் வரம் தமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

மொழி விஷயத்தில் மட்டும் ஒரு திருப்பம். இந்தியப் பெண்களுக்கு லத்தீன் தெரியாது, சமஸ்கிருதம் வேண்டும் என்று அவர் வாண்டேஜில் சொன்னபோது, உங்கள் ஊர்ப் பெண்களில் எத்தனை பேருக்குச் சமஸ்கிருதம் தெரியும் என்று யாராவது திருப்பிக் கேட்டிருக்கலாம். மடத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. கேட்காவில் பஞ்சத்தில் பிழைத்த பெண்களோடு வாழ்ந்தபோது கேள்வி தானாக வந்து நின்றது. எபிரேயமும் கிரேக்கமும் கற்று, ஏறத்தாழ 18 ஆண்டுகள் உழைத்து, முழு வேதாகமத்தையும் தாமே மராத்தியில் பெயர்த்தார். அதில் பண்டிதர் மராத்தியைத் தள்ளிவைத்தார். சமஸ்கிருதக் கனமும் இந்துத் தத்துவ வாடையும் உள்ள சொற்களை நீக்கி, பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத பெண்ணுக்குப் புரியும் சொற்களைத் தேடினார். அச்சுக்கோத்தவர்களும் அந்த இல்லத்துப் பெண்களே. இந்தியாவின் பெரும் சமஸ்கிருதப் பெண்மணி தம் வாழ்நாள் வேலையில் சமஸ்கிருதத்தைக் கழற்றி வைத்தார். இந்துத் தத்துவச் சொற்களை அவ்வளவு கறாராகக் களைந்ததில் ஒரு புதிய விறைப்பும் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. 1885-இல் இந்துவாக அழைக்கப்பட விரும்பிய ரமாபாய் அதை ஏற்றிருப்பாரா தெரியாது. 1921-இல் மனோரமா இறந்தார். 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய். வேதாகமம் முழுதாக வெளிவந்தது அதற்குப் பிறகு.

நம் பக்கத்து விஷயம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதன் இணைப்பு அடிப்படையில் அப்போஸ்தலர் பிரமாணமும் நிசேயா பிரமாணமும் இருக்கின்றன, அத்தனாசியு இல்லை. அதோடு, அந்தப் பிரமாணங்களின் ஒவ்வொரு சொல்லுக்கும் தொடருக்கும் தனி மனிதர்கள் சம்மதம் தர வேண்டும் என்று கோரவில்லை, நியாயமான விளக்கச் சுதந்திரத்தை மறுக்கவில்லை என்ற பொருளில் ஒரு வாசகமும் இருக்கிறது. ரமாபாய் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து நின்று பிரமாணம் சொல்கிறவர்களில் இப்படி ஒரு சலுகை நமக்கு உண்டு என்று அறிந்தவர்கள் எத்தனை பேர்? எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும். திடப்படுத்தல் வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

இந்தக் கடிதங்கள் நமக்குக் கிடைத்த விதம்தான் கடைசி விநோதம். அவற்றைச் சேர்த்து வைத்து, வரிசைப்படுத்தித் தொகுத்தவர் சிஸ்டர் ஜெரால்டின். ஞானமகளின் பிடிவாதத்தைப் பிறர் அறியட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கலாம், குறிப்புகளில் அந்தத் தொனி வருகிறது. ஏ.பி. ஷா பதிப்பாசிரியராக இருந்து, மகாராஷ்டிர அரசின் இலக்கிய பண்பாட்டு வாரியம் அதை நூலாக வெளியிட்டது 1977-இல். நுகத்தடிக் கடிதத்தை ஜெரால்டின் கிழித்துப் போட்டிருக்கலாம். அவரைக் கடிந்து எழுதிய கடிதம் அது. அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்.